நமது நிருபரின் அக்கா

ஜனப்பிரகாசன் பத்திரிகையின் எட்டுப் பக்கங்களும் பட்டம்மாளுக்குத் தன் வீட்டு அறைகளைப் போலப் பழக்கம். வீட்டில் இருந்தது என்னவோ ஒரே அறைதான். முதல் பக்கம் வாசல். போன வருஷம் வரைக்கும் அதில் செய்தியே வராது. பட்டுப்புடவைக் கடையும் வைரத்தோடும் குழந்தைகளின் வயிற்றுவலி மருந்தும்தான். செய்தி வேண்டுமானால் உள்ளே வந்து பார் என்று எழுபத்து நான்கு வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு, போன தைப்பொங்கலுக்குத்தான் வாசலில் செய்தியை வைத்தார்கள். இரண்டாம் பக்கத்தில் மழையளவும் ரயில் நேரமும் இருக்கும், அதன் கீழ்க்கோடியில் எப்போதாவது ஒரு சின்னக் கட்டத்துக்குள் ‘திருத்தம்’ வரும். தலையங்கத்தை அவள் இரண்டு முறை படிப்பாள். முதல் முறை புரியாது. ஆனால் கையில் வாங்கியதும் நேரே போவது மூன்றாம் பக்கத்துக்கு. ‘வெளியூர்ச் செய்திகள்’ அங்கேதான் வரும். அவள் தம்பி கொளஞ்சியப்பன் அங்கேதான் இருந்தான்.

பெயரோடு இல்லை. ‘நமது நிருபர்’ என்று மட்டும் போடுவார்கள்.

பட்டம்மாள் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆலங்கொல்லையில் அவள் அப்பா சடையப்பனுக்கு மல்லாட்டைக் கடலை போடுகிற கொல்லையும் நாற்பது முந்திரி மரமும் இருந்தன. அம்மா காலராவில் போன வருஷம் அவளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு மூன்று. அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. பதினேழு வயதில் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஏழு வருஷம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். காரணத்தை அவளிடம் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அதற்குப் பிறகு மாடு கறந்து, மோர் விற்று, தம்பியை விருத்தாசலத்தில் வைத்து எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்கவைத்தது அவள்தான். அவன் பாஸ் பண்ணிய நம்பர் பத்திரிகையில் வந்ததும் அந்த நம்பரைச் சுற்றி மஞ்சளால் கட்டம் போட்டு வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

கொளஞ்சி நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலைக்கு இரண்டு தடவை மனு போட்டான். இரண்டு தடவையும் கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். அதனால் 1957-இல், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ்களுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போதே, ஜனப்பிரகாசனுக்கு ஏஜென்ட் ஆனான். பண்ருட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் கட்டு வரும். பிரித்துச் சைக்கிளில் பிளாக் பிளாக்காகப் போட வேண்டும். ஆலங்கொல்லையிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டான். பட்டம்மாள் தனியாளானாள்.

அடுத்த வருஷம் அவனை நிருபராகவும் வைத்துக்கொண்டார்கள். புகைப்படம் ஒட்டி முத்திரை குத்திய பச்சை அட்டை ஒன்று சென்னையிலிருந்து வந்தது. கண் பரிசோதனையில் தள்ளப்பட்டவன் அந்த அட்டையைக் காட்டினால் எந்த ஆபீஸிலும் “வாங்க, உக்காருங்க” என்றார்கள். அட்டையோடு பதினான்கு விதிகள் அச்சடித்த தாளும் வந்தது. அவன் ஒரு தரம் படித்தான். அக்கா மனப்பாடம் செய்தாள். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதவும் என்பது இரண்டாம் விதி. நடவாததை நடந்ததாக எழுதிய நிருபரின் அட்டை அன்றே திரும்பப் பெறப்படும் என்பது ஒன்பதாம் விதி.

அந்த ஒன்பதாவது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பத்திரிகையின் பவள விழாவுக்கு முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு மலர் போட்டார்கள். ஏஜென்டுக்கு ஒன்று இலவசம். அதைக் கொளஞ்சி அவளுக்குக் கொடுத்திருந்தான். 1884-இல் ஒரு வக்கீல் ஜார்ஜ் டவுனில் வாடகை வீட்டில் கைப்பிரஸ்ஸை வைத்து வாரத்துக்கு நான்கு தாளாக ஆரம்பித்தது, தினசரியானது, இரண்டாம் யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் மறுபடியும் நான்கே பக்கமாகச் சுருங்கியது என்று எல்லாம் அதில் இருந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்து நிருபர் ஒருவர், இருபத்து நான்காம் வருஷ வெள்ளத்தில் நின்றுகொண்டிருந்த பாலத்தைப் போய்விட்டது என்று எழுதி அன்றைக்கே நீக்கப்பட்ட கதையும் இருந்தது. பத்திரிகையின் நாணயத்துக்கு அதை உதாரணமாகச் சொல்லியிருந்தார்கள். பட்டம்மாள் அந்தப் பாராவைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனுஷனுக்கு அக்கா தங்கை இருந்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வாள்.

தம்பி நிருபராக இருப்பதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஊரே மனுவோடு வந்து நிற்கும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகவே அவன் எழுதியது வந்த நாட்களில் வரிகளை எண்ணுவாள், கத்தரித்துத் தகரப் பெட்டியில் தேதிவாரியாக அடுக்குவாள், செவலைப் பசுவிடம் படித்துக் காட்டுவாள். பசு அசைபோடும்.

சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் ஆலங்கொல்லையும் ஒன்று. நாற்பத்திரண்டு வீடு. வடக்குத்து என்ற ஊர்ப் பக்கத்தில் எல்லாருக்கும் மனை அளந்து கொடுத்தார்கள். 1959 சித்திரையில் தொடங்கி ஒவ்வொரு குடும்பமாகப் போனது. போகும்போது உத்தரத்தையும் கதவு நிலையையும் பெயர்த்துக்கொண்டு போனதால், மிச்சமிருந்த சுவர்கள் பல் விழுந்த வாய்களைப் போல நின்றன. ஆவணி பிறந்து பத்து நாள் ஆனபோது பட்டம்மாள் ஒருத்திதான் பாக்கி. செவலை நிறைசினை. இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்த மாட்டை மூன்று மைல் நடத்தவும் முடியாது, லாரியில் ஏற்றவும் முடியாது. கன்று போட்டதும் வந்துவிடுகிறேன் என்று சுரங்கத்து ஆபீஸில் சொன்னாள். அவர்களும் சரி என்றார்கள்.

பதினொரு நாள் அவள் அந்த ஊரில் தனியாக இருந்தாள். தெருநாய்கள்கூடக் குடும்பங்களோடு போய்விட்டிருந்தன. தூரத்தில் சுரங்கத்து இயந்திரச் சத்தம் ஷிப்டுக்கு ஷிப்டு ஓய்ந்து மறுபடியும் கேட்கும். காலையில் வடக்குத்துக்காரன் பாவாடை வருவான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது கொளஞ்சி கொடுத்த பத்திரிகையை அவளிடம் போட்டுவிட்டுப் போவான். அவன் போய்விட்டால் மறுநாள் காலை வரைக்கும் மனிதக் குரல் கிடையாது. அதனால் அவள் பத்திரிகையை வாய்விட்டுப் படித்தாள். தலையங்கத்தையும் பம்பாய்ப் பஞ்சு விலையையும் வரன் தேவை விளம்பரங்களையும் படித்தாள். ஒரு நாள் பின்பக்கத்தின் அடிக்கோட்டில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது தன் குரல் எதிர்வீட்டு மொட்டைச் சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டாள். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை பிற்பகலில் கொளஞ்சியப்பன் வந்தான். பவள விழாவுக்காக ஏஜென்டுகளையும் நிருபர்களையும் சென்னைக்கு அழைத்திருந்தார்கள். திரும்பும் வரைக்கும் கட்டுப் பிரித்துப் போடுகிற வேலையைச் சைக்கிள் கடைக்காரரிடம் விட்டிருந்தான். வெளுத்த வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் மினுங்க நின்றான்.

“நாளைக்கிக் காலையில லாரி வருதுக்கா. நானே ஆபீஸ்ல சொல்லி ஏற்பாடு பண்ணிட்டேன். சாமான ஏத்திட்டு, மாட்ட மெதுவா ஓட்டிக்கினு போயிடு. இனிமே இங்க ஒண்டியா இருக்கவேணாம்.”

“சரிடா. போறேன்.”

“நெசமாத்தான?”

“போறேன்னு சொன்னா போறேன். அந்த மிசினு எப்படி ஓடுதுன்னு பாத்துக்கினு வந்து சொல்லு.”

சைக்கிளில் ஏறிய பிறகு திரும்பி, “சனிக்கெழம பேப்பர்ல மூணாம் பக்கம் பாரு” என்றான். எப்போதும் அதைத்தானே பார்க்கிறேன் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது செவலை படுப்பதும் எழுவதுமாக இருந்தது. எட்டு மணிக்கு லாரி வந்து நின்றபோது பனிக்குடம் உடைந்திருந்தது. டிரைவர் அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தார். வேறு ஊருக்கும் போகவேண்டும், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் மேல் குற்றமில்லை. ஒன்பதரைக்குக் கிடாரிக் கன்று விழுந்தது. நெற்றியில் வெள்ளை. மத்தியானம் நஞ்சுக்கொடியான இளங்கொடி விழுந்ததும், பசுவுக்குப் பால் வற்றாமல் இருக்க எல்லாரும் செய்கிற மாதிரி, அதை வைக்கோலில் பொதிந்து தெருக்கோடி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். சீம்பால் காய்ச்சினாள். பகிர்ந்து கொடுக்க நாற்பத்தொரு வீட்டில் ஒரு வீடும் இல்லை. அவளே குடித்தாள்.

சனிக்கிழமை காலை பாவாடை சைக்கிளை விட்டு இறங்காமலே சிரித்தான்.

“அக்கா, நீங்க இங்க இல்லீங்களாமே?”

“என்ன ஒளர்ற?”

“டீக்கடையில படிச்சாங்க. ஆலங்கொல்லையில ஈ காக்கா இல்லையாம். அப்ப நான் யாருக்குப் பேப்பர் கொண்டாந்துகினு இருக்கேன்?”

அவள் மூன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். மூன்றாவது பத்தியில் நடுவில் இருந்தது.

‘ஆலங்கொல்லை காலி. நெய்வேலி, செப். 4: சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஆலங்கொல்லை கிராமத்தின் கடைசிக் குடும்பமும் இன்று காலை புதிய குடியிருப்புக்குப் புறப்பட்டுச் சென்றது. நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட அக்கிராமத்தில் இப்போது ஆள் நடமாட்டம் இல்லை. — நமது நிருபர்.’

ஒன்பது வரி. ஒற்றை ஆளான அவளைக் குடும்பம் என்று எழுதியிருந்தான்.

எப்படி நேர்ந்தது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வெளியூருக்கு வருகிற தபால் பதிப்பு பிற்பகல் இரண்டு மணிக்கே மெஷினில் ஏறி, மறுநாள் தேதியைப் போட்டுக்கொண்டு மாலை ரயிலைப் பிடிக்கும். நெய்வேலியில் காலையில் நடந்ததை எழுதித் தபாலில் போட்டால், அச்சாகி வர இரண்டு நாள் ஆகிவிடும். அதனால் உறுதியாக நடக்கப்போகிற காரியத்தை நிருபர்கள் முந்தின நாளே நடந்துவிட்டதாக எழுதி, மூலையில் ‘முன்கூட்டி’ என்று குறித்துக் கொடுத்துவிடுவார்கள். கூட்டம் கலைந்துபோனாலோ மந்திரி வராவிட்டாலோ உடனே தந்தி கொடுத்து நிறுத்த வேண்டும். கொளஞ்சி தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். தந்தி கொடுக்க இங்கே ஆளில்லை. அப்படி எழுதிக் கொண்டுபோயிருக்கிறான் என்று அவளுக்கும் தெரியாது. அக்கா போகிறேன் என்றாள். அதைவிட உறுதியான காரியம் அவனுக்கு எது?

சைக்கிளை மிதிக்கப்போன பாவாடை நின்று இன்னொன்றும் சொன்னான். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துக் குஞ்சிதபாதம் வாத்தியாரும் டீக்கடையில் இருந்தாராம். பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்ததும் காலி ஊரைப் போட்டோ பிடிக்க வருகிறாராம். சென்னையிலிருந்து வரும் இன்னொரு தினசரிக்கு நிருபர் அவர். கொளஞ்சியை முந்துவதற்கு ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். காலியென்று ஜனப்பிரகாசன் எழுதிய ஊரில் ஒரு பொம்பளை அடுப்பெரித்துக்கொண்டு, மாடு கன்றோடு இருப்பது அந்தப் படத்தில் வந்தால் போதும். ஒன்பதாம் விதி. பச்சை அட்டை.

“பாவாடை, நீ என்னப் பாக்கல.”

“யாரங்க?” என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

மணி ஏழு இருக்கும். பட்டம்மாள் முதலில் அடுப்பை அணைத்தாள். அணைத்தால் போதாது, தொட்டுப் பார்த்தால் சுடும் என்று கங்குகளை வாரிக் கிணற்றில் கொட்டிவிட்டு, அடுப்பையே இடித்து மண்ணைப் பரப்பினாள். பானை சட்டி, அம்மிக் குழவி, தகரப் பெட்டி, பாய் எல்லாவற்றையும் ஆறு நடையில் முந்திரித் தோப்புக்குக் கொண்டுபோய்ச் சருகால் மூடினாள். கொடிக்கயிற்றை அவிழ்த்தாள். வாசல் சாணி தெளித்து ஈரமாக இருந்தது. அதன்மேல் புழுதியை வாரித் தூவினாள். மாட்டுத்தறியைப் பிடுங்கிக் குழியை மூடினாள். சாணத்தை அள்ளினாள். கதவை மற்ற வீடுகளைப் போலக் கழற்ற ஒருத்தியால் முடியவில்லை. பூட்டியிருந்தால் ஆள் வரும் என்று அர்த்தம். திறந்து கிடந்தால் போய்விட்டார்கள் என்று அர்த்தம். யோசித்து, ஒற்றைக் கதவை மட்டும் பாதி திறந்துவைத்தாள்.

தெருவின் முனைக்குப் போய் நின்று, போட்டோ பிடிப்பவர் எங்கே நிற்பாரோ அங்கே நின்று, திரும்பிப் பார்த்தாள். வீடு நன்றாகத்தான் இருந்தது, யாரும் இல்லாத மாதிரி. ஒரு கணம் தான் உள்ளே போய் வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பிறகுதான் தலைக்கு மேல் ஆலமரத்தில் ஈ மொய்ப்பதைக் கவனித்தாள்.

வைக்கோல் பொதி. இந்தச் சீமையில் அதைப் பார்த்த யாரும், நேற்று இங்கே ஒரு மாடு ஈன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மரத்தில் கட்டிய இளங்கொடியை அவிழ்க்கக் கூடாது. அது தானாக உலர்ந்து விழ வேண்டும். அவிழ்த்தால் மடி வற்றும், கன்றுக்கு ஆகாது. அவளுக்குத் தெரிந்த வீடுகளில் எவரும் அப்படிச் செய்ததில்லை. கேட்டுக்கொள்ள யாரும் இல்லை. செவலையிடம் போய் அதன் கழுத்தடியைச் சொறிந்துகொடுத்துவிட்டு வந்து, முடிச்சை அவிழ்த்தாள். மரத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்து, மேலே முள்ளை இழுத்துப் போட்டாள்.

கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கன்று முன்னால் போனால் பசு தானாகப் பின்னால் வரும். வந்தது, கன்றின் காலை நக்கிக்கொண்டே. நூறு அடிக்கு ஒரு தரம் இறக்கிவைத்து, பால் குடிக்கவிட்டு, மறுபடியும் தூக்கினாள். செம்மண் பாதையில் பொட்டு நிழல் இல்லை. முதல் மைலுக்கே உச்சி வேளை ஆகிவிட்டது. வடக்குத்து ரோடு திரும்புகிற இடத்தில் எதிரே சைக்கிள் வந்தது. பெல்லுக்குப் பக்கத்தில் தோல்வாரில் டப்பா கேமரா.

குஞ்சிதபாதம் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. காலை ஊன்றி நின்றார்.

“ஏம்மா, ஆலங்கொல்லைக்கு இப்படித்தானே போகணும்?”

“ஆமாங்க.”

“உள்ளே யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லீங்க. நேத்தே காலி.”

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்க ஒரு முகம் கிடைத்த சந்தோஷத்தில் பேசினார். கொளஞ்சியப்பனின் அக்காதான் அங்கே கடைசியாக இருந்தார்களாம், பேப்பர் ஏஜென்ட் கொளஞ்சியப்பன். அவன் எழுதுகிறது கச்சிதமாக இருக்கும், ஒரு வார்த்தை அதிகம் இருக்காது, தனக்கே அந்தப் பொறாமை உண்டு என்றார். யார் வளர்த்த பிள்ளையோ என்றார்.

ஒன்றரை வருஷமாக அவள் காதில் விழக் காத்திருந்த பேச்சு அது. முதல் முறையாக ஒரு வெளி மனிதர் வாயிலிருந்து வருகிறது. தோளில் கன்று கனத்தது.

“அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க” என்றாள் பட்டம்மாள்.

அவர் பெல்லை அடித்துக்கொண்டு போனார். வளைவில் மறையும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புது மனையில் நான்கு மூங்கில்தான் நட்டிருந்தது. ஆலங்கொல்லைக்காரர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, சாயங்காலம் ஒரு வீட்டு மாட்டுவண்டியை இரவல் வாங்கிப் போய்ச் சாமான்களை எடுத்துவந்தாள். ஏன் லாரியில் வரவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. அவரவர் கூரை அவரவருக்கு. பக்கத்து மனை இன்னும் காலி. மறுநாள் இரண்டு வேளையும் செவலை வழக்கம்போலக் கறந்தது. ஆனாலும் ஒரு மாதம் வரைக்கும் ஒவ்வொரு முறையும் கறக்க உட்காரும்போது மடியின் கனத்தை முதலில் கையில் ஏந்திப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சி வந்தான். வீட்டளவு உயரத்துக்கு மெஷின், அதில் காகிதம் ஆறுபோல ஓடுகிறது என்று கையை வீசிக் காட்டினான். செய்தி மேஜையில் ஒரு வயதானவர் ‘முன்கூட்டி’ என்பதைப் பார்த்துவிட்டு, நிச்சயம் நடக்குமா தம்பி என்று கேட்டாராம். அந்தக் கடைசிக் குடும்பமே என் அக்காதான், அவள் சொல்லி நடக்காமல் இருந்ததில்லை என்றானாம். லாரி சரியாக வந்ததா என்று கேட்டான். எட்டு மணிக்கே வந்தது என்றாள். கன்று போட்டதைச் சொன்னாள். பேச்சு கன்றின் பக்கம் திரும்பிவிட்டது.

புதன்கிழமை இன்னொரு பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு வந்தான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நாலாம் பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்துக்குப் போட்டோ. ஆலங்கொல்லைத் தெரு. ‘ஆள் அரவமற்ற கிராமம்’ என்று கீழே எழுதியிருந்தது.

“நம்மளுது ஒம்பது வரி. அவுங்களுது போட்டோ. பாக்கறவன் எத பாப்பான்?”

பட்டம்மாள் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மசி ஊறிய படம், புள்ளி புள்ளியாக இருந்தது. ஆலமரத்திலிருந்து ஆரம்பித்து, கிளை கிளையாகப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். கொடிக்கயிறு கட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். பாதி திறந்த கதவுக்குள் இருட்டு, அதற்குள்ளும் பார்த்தாள். பதினாறு வருஷம் பெருக்கிய வீடு, முப்பத்து நான்கு வருஷம் பிறந்து வளர்ந்து திரும்பி வந்த தெரு. எந்த மூலையிலும் அவள் இல்லை.

“நீ எழுதினது சரியாத்தான் இருக்குது” என்று பத்திரிகையை மடித்து அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.